மாதவிடாய் நிற்கும் பருவமும் வேலையிடமும்: மேற்குக் கொச்சியை முன்வைத்து ஒரு வாதம்

மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகளைச் சமாளிப்பதற்கு வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை மனத்தில் வைத்தவை: பருத்தி உடை, மின்விசிறி, காரம் குறைந்த உணவு, மாலை நடை. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை அண்டிய கொட்டகைகளில் இறால் உரிப்பவருக்கும், ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் துணி வெளுத்துத் தேய்க்கும் தமிழ் வண்ணார் குடும்பத்துப் பெண்ணுக்கும் இவற்றில் பாதி கைக்கு எட்டாதவை. இப்பருவத்தின் துன்பம் எவ்வளவு என்பதைச் சுரப்பிகளோடு சேர்ந்து வேலையிடமும் தீர்மானிக்கிறது. ஆகவே சமாளிக்கும் பொறுப்பைப் பெண்ணின் மன உறுதியிடம் மட்டும் ஒப்படைப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கணக்கிடுகிறது. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நேர்கிறது. மேலை நாடுகளில் ஏறத்தாழ 51. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையின் வெப்பச் சீராக்கம் குலைந்து, உடல் பொறுத்துக்கொள்ளும் வெப்ப இடைவெளி சுருங்குகிறது. சிறு மாறுதலுக்கே உடம்பு குப்பென்று சூடேறி வேர்க்கிறது; இதுவே சூட்டெழுச்சி. அமெரிக்கப் பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வு, இத்தொல்லை நீடிக்கும் காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள் என 2015இல் தெரிவித்தது. தூக்கக் கேடு, மூட்டு வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய நெருக்கடி ஆகியவையும் உடன் வரும். உழைக்கும் பெண்ணின் வாழ்வில் இவை ஓய்வுக்காலத் தொல்லைகள் அல்ல. குடும்பத்துக்குக் கூலி மிகவும் தேவைப்படும் ஆண்டுகளில் வருபவை.

ஆயினும் பொதுக் கணக்குகளில் இப்பருவம் மங்கியே தெரிகிறது. தேசிய குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களையே நேர்காண்கிறது. அதாவது, தொல்லைகள் உச்சத்தில் இருக்கும்போதே பெண் அந்த ஆய்விலிருந்து வெளியேறிவிடுகிறாள். 45 வயதுக்கு மேற்பட்டோரை ஆராயும் தேசிய முதுமை ஆய்வின் முதல் சுற்று 2017-18இல்தான் நடந்தது. கேரளத்தில் இதே வயது எல்லை வேறோர் இடத்தில் உரக்கப் பேசப்பட்டது. 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்கள் சபரிமலைக்குச் செல்லலாகாது என 1991இல் கேரள உயர் நீதிமன்றம் விதித்த தடையை 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. அந்த வழக்கையொட்டி மாநிலமே மாதவிடாய் நிற்கும் வயதை விவாதித்தது. ஆனால் பேச்செல்லாம் தூய்மை பற்றியது. அந்த வயதில் உடல் படும் பாடு விவாதப் பொருளாகவில்லை.

முதலில் சொன்ன இரண்டு வேலையிடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இறால் கொட்டகையில் பனிக்கட்டியும் ஈரமும்; விரல்கள் மணிக்கணக்கில் குளிர்நீரில் ஊறுகின்றன; உரித்த எடைக்கே கூலி. தோபிகானாவில் வெயிலும் கஞ்சி போட்ட துணியும் கனலும் இஸ்திரிப் பெட்டியும். ஒன்றில் மூட்டு வலி கூடுகிறது, மற்றொன்றில் வேர்வை. இரண்டுக்கும் பொதுவானது, எழுந்து போகும் நேரம் வருமானத்திலிருந்து கழிகிறது என்பதே. கழிப்பறைக்குப் போவதைக் குறைக்கப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் வழக்கம் இத்தகைய இடங்களில் புதிதல்ல. ஈஸ்ட்ரோஜன் குறைவால் ஏற்கெனவே சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு இடம்கொடுக்கும் உடலுக்கு அது கூடுதல் தீங்கு.

இதற்கு மருத்துவமே போதும் என்று மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. 2002இல் அமெரிக்காவின் பெண்கள் உடல்நல ஆய்வில் ஒரு பிரிவு இடையில் நிறுத்தப்பட்டதிலிருந்து ஹார்மோன் சிகிச்சை மீது பரவிய அச்சம் மிகையானது. 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத, வேறு தடையில்லாத பெண்களுக்கு அதன் நன்மை பொதுவாகத் தீமையை விஞ்சுகிறது என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. ஹார்மோன் இல்லாத வழிகளில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்று உண்டு. அது செயல்படும் விதம் நம் வாதத்துக்கு முக்கியமானது: சூட்டெழுச்சிகளின் எண்ணிக்கையை அது பெரிதாகக் குறைப்பதில்லை, அவற்றால் வரும் அல்லலைக் குறைக்கிறது. எண்ணிக்கை வேறு, அல்லல் வேறு என மருத்துவமே ஒப்புக்கொண்டபின், அல்லலைக் கூட்டும் புறக்காரணங்களை மருத்துவத்துக்கு அப்பாற்பட்டவை என ஒதுக்க முடியாது. உட்கார ஓர் இடமும் குடிநீரும் அருகில் கழிப்பறையும் சூட்டெழுச்சியைத் தடுக்கமாட்டா. அதைத் தாங்கக்கூடியதாக ஆக்கும்.

வேலையிடம் மாறாதபோது உடலே மாற்றப்படும் என்பதற்கு மராட்டியத்தின் பீட் மாவட்டம் கசப்பான சான்று. கூலி இழக்காமலிருக்கக் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட செய்தி 2019இல் வெளியாகி, அரசு விசாரணைக் குழு அமைத்தது. சினைப்பைகளும் சேர்ந்து அகற்றப்பட்டால் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகள் ஒரே நாளில் தொடங்கிவிடும். கர்ப்பப்பை அகற்றலைக் கண்காணிக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்க வேண்டுமென 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அறுவையை நெறிப்படுத்தும்; அறுவைக்குத் தள்ளிய கூலி முறையைத் தொடாது.

மாற்று வழியைக் கேரளமே காட்டியிருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்கள், தொழிற்சங்கச் செயற்பாட்டாளர் பி. விஜி முதலானோரின் முன்முயற்சியில், முதலில் கழிப்பறைக்காகவும் பின்பு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். 2018இல் மாநிலத்தின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு இருக்கை கட்டாயமாயிற்று; 2021இல் தமிழ்நாடும் பின்பற்றியது. மாதவிடாய் நிற்பது பற்றிய சட்டமாக அதை எவரும் கருதவில்லை. ஆனால் ஐம்பதை நெருங்கும் விற்பனைப் பெண்ணுக்கு அதுவும் ஒரு நிவாரணமே. சிறு கொட்டகைகளுக்குச் சட்டத்தின் நிழல் முழுதாக எட்டுவதில்லை. மின்விசை உள்ள இடத்தில் 10 தொழிலாளர், இல்லாத இடத்தில் 20 என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வைத்த வரம்பை 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு முறையே 20, 40 என உயர்த்தியது. வேலையிடம் சிறியதாகச் சிறியதாகப் பாதுகாப்பும் மெலிகிறது.

எனவே மேற்குக் கொச்சியில் செய்யத்தக்கவை மூன்று. கருவேலிப்படி தாலுகா மருத்துவமனையிலும் மட்டாஞ்சேரி மகளிர் மருத்துவமனையிலும் வேலை நேரத்துக்குப் பின் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு நடத்தலாம். 1998 முதல் இயங்கும் கேரள மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் (அக்கம்பக்கக் குழுக்கள்) வழியே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் குழுவாகக் கற்பிக்கலாம். மூன்றாவது கடினமானது, ஆனால் தவிர்க்க முடியாதது: எடைக் கூலியோடு ஒரு நாளுக்கான அடிப்படைக் கூலியையும், கூலி பிடிக்கப்படாத இடைவேளையையும் ஆள் எண்ணிக்கை பாராமல் சேர்க்க வேண்டும். ஐந்து நிமிடம் எழுந்து சென்றால் கூலி குறையும் என்ற நிலை நீடிக்கும்வரை, முதல் இரண்டால் பயன்பெறுபவர் ஏற்கெனவே ஓய்வெடுக்க வசதி உள்ளவராகவே இருப்பார்.