கெட்டிஸ்பர்க்கில் இன்று காணக் கிடைக்காதவை

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் குடியிருப்பு அன்பர்கள், வாஷிங்டன் பக்கம் போனால் வெள்ளை மாளிகையையும் லிங்கன் நினைவகத்தையும் தவறாமல் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் ஒதுக்கிப் பாருங்கள். அங்கே இன்று என்னென்ன இருக்கின்றன என்பதை வழிகாட்டிப் புத்தகமே சொல்லிவிடும். எனவே, அங்கே இருந்து மறைந்துபோன கட்டடங்களைப் பற்றி மட்டும் இந்த இதழில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக வரலாறு. 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்கள், வட மாநிலங்களின் படைக்கும், அடிமை முறையைக் கைவிட மறுத்துப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைக்கும் இங்கே பெரும் போர் நடந்தது. வடக்கின் தளபதி ஜார்ஜ் மீட். தெற்கின் தளபதி ராபர்ட் லீ. இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர் மாண்டனர், காயமடைந்தனர், பிடிபட்டனர் அல்லது காணாமல் போயினர். அன்று ஊரின் மக்கள்தொகையே சுமார் 2,400தான். லீ தோற்றுப் பின்வாங்கினார். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று, போரில் மாண்ட வீரர்களின் இடுகாட்டை அர்ப்பணிக்க வந்த லிங்கன் சில நிமிடங்கள் பேசினார். மக்களாட்சிக்கு இலக்கணமாக நாம் பள்ளியில் படித்தது அந்தப் பேச்சைத்தான்.

மறைந்த கட்டடங்களில் முதலாவது, போரிலேயே போனது. வில்லியம் பிளிஸ் என்ற விவசாயியின் வீடும் பெரிய கொட்டகையும் இரு படைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. குறிபார்த்துச் சுடுபவர்கள் அதற்குள் ஒளிந்துகொள்ள, கொட்டகை பலமுறை கைமாறியது. தொல்லை பொறுக்காமல் மூன்றாம் நாள் வட படையினரே இரண்டையும் கொளுத்திவிட்டார்கள். பிளிஸ் அரசிடம் இழப்பீடு கேட்டார்; ஒரு காசும் கிடைக்கவில்லை. கொட்டகைக்கு ஏறும் மண்மேடு மட்டும் இன்றும் வயல் நடுவே தெரிகிறது.

அருகிலேயே ஆபிரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் சிறு வீடு. வேலி, பயிர், வீடு எல்லாம் சேதம். அவர் கேட்டது 1,028 டாலர். கொடுத்தது 15 டாலர். பேரேடு பார்த்தே வயதான என்னைப் போன்றவர்களுக்குப் பீரங்கிக் கணக்கைவிட இந்த இரண்டு எண்கள்தான் மனதில் நிற்கின்றன.

போர் முடிந்த மறு ஆண்டே, 1864இல், களத்தைப் பாதுகாக்க ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆனால் பார்க்க வருபவர்களுக்கு வசதி வேண்டாமா? 1884இல் ரயில் பாதை, கடும் போர் நடந்த லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் பக்கம் வரை நீண்டது. அங்கே ரயில் நிறுவனம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா அமைத்தது. நடன மேடை, தின்பண்டக் கடை எல்லாம் உண்டு. வீரர்கள் குவியல் குவியலாக விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடும்பங்கள் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டன. இன்று அங்கே வெறும் காடு.

1893இல் ஒரு நிறுவனம் மின்சார டிராம் விட்டது. டெவில்ஸ் டென் என்ற பாறைப் பகுதியில் வெடி வைத்துப் பாறைகளைப் பெயர்த்துத் தண்டவாளம் போட்டார்கள். போரிட்டு உயிர் பிழைத்த முதிய வீரர்கள் கொதித்தெழுந்தார்கள். நாம் நில ஆர்ஜிதம் என்று சொல்வோமே, அந்த முறையில் நிலத்தை எடுத்துக்கொள்ள அரசு முனைந்தது. போர்க்களத்தைப் பாதுகாப்பதெல்லாம் பொதுப் பயன்பாடு ஆகாது என்று நிறுவனம் வாதாடியது. கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 1896 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. நாட்டுக்காக உயிர் நீத்தவர்களின் களத்தைக் காப்பதும் பொதுப் பயன்பாடுதான் என்பது தீர்ப்பு. அமெரிக்காவில் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் சட்டத்துக்கு அதுதான் அடித்தளம். டிராம் மட்டும் எப்படியோ 1916 வரை ஓடிவிட்டு நின்றது.

இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு கழித்து மறுபடியும் வரும்.

1895இல் களம் தேசியப் பூங்கா ஆயிற்று. பார்வையாளர்கள் மேலிருந்து முழுக் களத்தையும் பார்க்க, ராணுவத் துறை ஐந்து இரும்புக் கோபுரங்களைக் கட்டியது. அவற்றில் மூன்று மட்டுமே இன்று இருக்கின்றன. 1918இல், தென் படையின் கடைசித் தாக்குதல் நடந்த அதே வயலில் டாங்கிப் படைக்குப் பயிற்சி முகாம் போட்டார்கள். அதன் பொறுப்பாளர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஐசன்ஹோவர். அந்த முகாமும் போய்விட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. கார் வந்ததும் மோட்டல், உணவகம், வேடிக்கைப் பூங்கா எல்லாம் வந்தன. 1959இல் மீட் தளபதியின் தலைமையிடமாக இருந்த வீட்டுக்கு அருகிலேயே ஃபேன்டசிலேண்ட் என்ற குழந்தைகள் பூங்கா திறந்தது. வாசலில் குழந்தைகளோடு பேசும் பிரம்மாண்டமான மதர் கூஸ் பொம்மை நின்றது. 1974இல் பூங்காத் துறை அந்த இடத்தை வாங்கியது, 1980இல் மூடியது. அங்கே குதித்து விளையாடிய குழந்தைகளே இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். அவர்களில் பலருக்கு கெட்டிஸ்பர்க் என்றால் பீரங்கியைவிட அந்தப் பொம்மைதான் முதலில் நினைவுக்கு வரும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சர்ச்சை தேசிய கோபுரத்தால் வந்தது. இடுகாட்டுக்கு அருகே தனியார் நிலத்தில் 307 அடி உயரத்தில் ஒரு கோபுரம். மாநில அரசு தடுக்கப் பார்த்தது. சுற்றுச்சூழல் உரிமைக்காக மாநில அரசமைப்பில் புதிதாகச் சேர்த்திருந்த பிரிவைக் காட்டி வழக்காடியது. 1973இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1974இல் கோபுரம் திறந்தது. களத்தில் எங்கே நின்றாலும் அது கண்ணில் பட்டது. களத்தைப் பார்க்கக் கட்டிய கோபுரத்தையே எல்லோரும் பார்க்க வேண்டியதாயிற்று.

கடைசியில் மத்திய அரசு, அன்று டிராமுக்கு எதிராகக் கையில் எடுத்த அதே அதிகாரத்தால், நிலத்தைக் கையகப்படுத்தியது. 2000 ஜூலை 3, போரின் கடைசி நாளுக்கு 137ஆம் ஆண்டு நிறைவு. உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட் முன்னிலையில் பீரங்கிகள் முழங்க, வெடி வைத்துக் கோபுரத்தைச் சாய்த்தார்கள். சில விநாடிகளில் முடிந்தது. தகர்த்த நிறுவனம் கூலி வாங்கவில்லை.

இதுவரை எல்லாம் நியாயம் என்று தோன்றும். அடுத்தது அத்தனை சுலபம் இல்லை.

போரைச் சித்திரிக்கும் வட்ட வடிவ ஓவியம் ஒன்று உண்டு. பால் பிலிப்போடோ என்ற பிரெஞ்சு ஓவியர் தலைமையில் 1884இல் வரைந்தது. நம்மைச் சுற்றி 360 பாகையிலும் போர் நடப்பது போல இருக்கும். அதை வைக்க 1962இல் பூங்காத் துறையே ஒரு கட்டடம் எழுப்பியது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் நொய்ட்ரா, இருபதாம் நூற்றாண்டின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களில் ஒருவர். அதற்கு இடம் விடுவதற்காகத்தான் ஐந்து இரும்புக் கோபுரங்களில் ஒன்றை அகற்றினார்கள்.

ஆனால் கூரை ஒழுகியது; ஓவியம் கெட்டது. கட்டடம் நின்ற இடமோ வட படையின் அணிவரிசை நின்ற இடம். புதிய பார்வையாளர் மையம் 2008இல் வேறிடத்தில் திறந்து, ஓவியமும் செப்பனிடப்பட்டு அங்கே போய்விட்டது. பழைய கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நொய்ட்ராவின் மகனும் கட்டடக்கலை ஆர்வலர்களும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் மாற்று வழிகளை ஆராயச் சொன்னது. ஆராய்ந்த பிறகு 2013இல் இடித்தார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? அமெரிக்கர்கள் இன்றும் இரண்டாகப் பிரிந்துதான் பேசுகிறார்கள். 1863இல் இருந்தபடி களத்தைக் காட்ட வேண்டும் என்பது பூங்காத் துறையின் கொள்கை. அதற்காக அன்று இல்லாத மரங்களை வெட்டுகிறார்கள். அன்றிருந்த பழத்தோட்டங்களைத் திரும்ப நடுகிறார்கள். மேட்டில் நின்றால் படைகள் ஏன் அப்படி நகர்ந்தன என்று இன்று நன்றாகப் புரிகிறது. அது பெரிய லாபம். ஆனால் 1863க்குப் பிந்தைய 150 ஆண்டுகளும் அங்கே மனிதர்கள் வாழ்ந்த ஆண்டுகள்தானே? மக்கள் அந்தப் போரை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதும் வரலாறுதான்.

என் கருத்தைக் கேட்டால், கோபுரம் போனது சரி. நொய்ட்ரா கட்டடத்துக்காக வருந்துகிறேன். ஆனாலும் இடித்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தலைமுறையும் நல்லெண்ணத்தோடு கட்டியதுதான் அடுத்த தலைமுறைக்கு மறைப்பாகத் தெரிந்திருக்கிறது. வங்கியில் ஒரு கணக்கை முடிக்கலாம், பேரேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. இடிக்கும் கட்டடத்துக்கும் அந்த விதி பொருந்தும். எது, எப்போது, யாரால், எதற்காகப் போனது என்று எழுதி வைத்துவிட்டு இடிக்க வேண்டும்.

நீங்கள் கெட்டிஸ்பர்க் போனால் ஓவியத்தையும் லிங்கன் பேசிய இடுகாட்டையும் பாருங்கள். பிறகு சற்று நடந்து பிரையன் வீட்டுக்குப் போங்கள். 1863இன் தோற்றத்துக்கே அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அருகில் வெறும் புல்வெளியாகக் கிடப்பதுதான் நொய்ட்ரா கட்டடம் நின்ற இடம். மேற்கே பார்த்தால் வயல் நடுவே பிளிஸ் கொட்டகையின் மண்மேடு. மூன்றும் நடந்து பார்க்கும் தூரம்தான். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் மறக்காதீர்கள். ஜூலையில் அங்கேயும் நல்ல வெக்கைதான்.