கேல் நகரத்து இல்லங்கள்

உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், அறிவுசார் குறைபாட்டோடு பிறந்த மகனோ மகளோ இருப்பதுண்டு. சொந்த ஊராயின் சித்தப்பா, அத்தை எனப் பலர் கண்காணிப்பில் அப்பிள்ளை வளர்ந்திருக்கும். இங்கே பெற்றோர் இருவரே துணை. அவர்கள் தளரும் காலத்தில் பிள்ளைக்கும் நரை தோன்றிவிடுகிறது. ‘எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?’ என்ற கவலை அவர்களை வாட்டுகிறது. இக்கேள்விக்கு அயல்நாட்டு ஊரொன்று பல நூற்றாண்டுகளாக அளித்துவரும் விடையை இங்கே நினைவுகூர்வோம்.

பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் மாகாணத்தில் உள்ளது கேல் என்னும் நகரம். அங்குள்ள புனித டிம்ப்னாவின் ஆலயத்தில் குணம் வேண்டி, மனநோயாளரையும் அறிவுசார் குறைபாடுடையோரையும் உறவினர் இடைக்காலந்தொட்டு அழைத்துவந்தனர். ஆலயத்தை ஒட்டிய விடுதியில் இடம் போதாதபோது, ஊரார் தம் வீடுகளைத் திறந்துவிட்டனர். வந்தோருள் பலர் அவ்வீடுகளிலேயே தங்கிவிட்டனர். 1850-இல் பெல்ஜிய அரசு இவ்வேற்பாட்டின் பொறுப்பை ஏற்றது. மருத்துவ மேற்பார்வையும், ஏற்கும் குடும்பத்துக்கு உதவித்தொகையும் முறைப்பட்டன. 1938-இல் இவ்வாறு வாழ்ந்தோர் 3,700-க்கு மேற்பட்டவர்.

இவர்களை மூலையில் உட்கார்த்தி வைக்கும் வழக்கம் அங்கில்லை. வயல் வேலை, வீட்டு வேலை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் என இயன்றதைச் செய்தனர். இதில் குடும்பத்தாருக்கும் ஆதாயம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. எனினும் உறவு ஆதாயத்தோடு நின்றுவிடவில்லை. ஒரே வீட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து முதுமை எய்தியோர் உண்டு. வீட்டுப் பெரியவர் மறைந்தால் அவர்தம் மகனோ மகளோ பொறுப்பேற்றனர். தாம் தொட்டிலாட்டிய குழந்தையே பிற்காலத்தில் தம்மைப் பேணக் கண்டவரும் அவருள் இருந்தனர்.

உழவில் இயந்திரம் புகுந்தது. கணவனும் மனைவியும் வெளியே வேலைக்குச் செல்லலாயினர். ஆகவே ஏற்கும் இல்லங்கள் குறைந்தன. ஆயினும் அம்மரபு அற்றுப்போகவில்லை. 2023-இல் யுனெஸ்கோ, மரபைப் பேணும் நன்முறைகளின் பட்டியலில் அதனைச் சேர்த்துச் சிறப்பித்தது.

நம் நாட்டில் பெற்றோரின் இதே கவலைக்கு விடைகாண எழுந்தது, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். அறிவுசார் குறைபாடுடையவர் வயது வந்தபின், அவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைக்க அது வழிசெய்தது. பெற்றோர் தம் காலத்திலேயே இக்குழுவை அணுகுதல் நலம்.

ஆனால், காப்பாளரை நியமிக்கும் சட்டம் அண்டை வீட்டாரை நியமிக்க இயலாது. அது நம் பொறுப்பு. நாற்பது ஐம்பது வயதான அவரைப் பெயர் சொல்லி நலம் விசாரிப்போம். தமிழ்ச் சங்க விழாவில் நாற்காலி வரிசைப்படுத்தவும், கோயிலில் பிரசாதம் வழங்கவும் அவரையும் அழைப்போம். பெற்றோர் இருக்கும்போதே பத்து வீடுகள் அவரை அறிந்திருந்தால், பின்னொரு நாள் அவர் தனித்து நிற்க நேராது. கேல் நகரத்தார் செய்ததும் இதுவே.