மேடை விளக்கு யார் கையில்?

தாம்பரம்–வேளச்சேரி சாலையில் இருக்கும் மண்டபங்களில் ஆண்டு விழாவோ அரங்கேற்றமோ பார்க்கப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் மேடையின் ஓரத்தில் ஒரு பெரிய பெட்டியோடு லைட்காரர் உட்கார்ந்திருப்பார். இப்போது அவரைக் காணோம். நமக்கு இரண்டு வரிசை பின்னால் ஒரு பையன் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பான். வாட்ஸ்அப் பார்க்கிறான் போல என்று நினைப்போம். அவன் விரலை மேலே தள்ளினால் மேடை நீலமாகும், கீழே இழுத்தால் இருளும்.

இந்த வித்தை எப்படி வந்தது என்று செம்பாக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். தொலைபேசித் துறையில் 34 வருடம் ஓட்டியவன், நாடகப் பைத்தியமும் உண்டு. கேட்டால் விடுவேனா?

நம் ஊர்க் கதை பந்தத்தில் தொடங்குகிறது. தெருக்கூத்தில் பந்தம் பிடிப்பவர் கூத்தில் பாதி. திரைக்குப் பின்னால் வேஷக்காரர் வந்து நின்றதும் பந்தம் அவர் முகத்தருகே போகும். குங்கிலியப் பொடியைத் தூவினால் குப்பென்று சுடர் எழும்பி, துரியோதனனின் கிரீடம் ஒரு கணம் பற்றி எரிவதுபோல் இருக்கும். ஒளியைக் கூட்ட வேண்டுமானால் கிட்டே போக வேண்டும், குறைக்க வேண்டுமானால் விலக வேண்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. 1910 வாக்கில் ஜெர்மனியில் பிறந்த அந்த விளக்கு நம் கிராமத்துக்காரர்போலவே ஆகிவிட்டது. வெளிச்சம் தாராளம், ஆனால் எல்லா முகத்திலும் ஒரே வெளிச்சம். பழைய கூத்துக்காரர்களில் சிலருக்கு அதில் வருத்தம் இருந்ததில் வியப்பில்லை.

சீமையில் அப்போது வேறு கதை. 1837-ல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒரு சுண்ணாம்புக் கட்டியை ஹைட்ரஜன்–ஆக்ஸிஜன் சுடரில் காய்ச்சி, அது கக்கிய வெள்ளை ஒளியை நடிகர்மேல் பாய்ச்சினார்கள். ‘லைம்லைட்’ என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அது இந்தச் சுண்ணாம்புதான், எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆள் பக்கத்திலேயே நின்று கட்டியைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

நெருப்பு இருக்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கும். 1881 டிசம்பர் 8-ஆம் தேதி வியன்னாவின் ரிங் தியேட்டர் எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதே மாதம் 28-ஆம் தேதி லண்டன் சவாய் தியேட்டரின் மேடை முழுக்க மின்விளக்குக்கு மாறியது. அதன் முதலாளி டாய்லி கார்ட் மேடைக்கே வந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பைச் சனங்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். பார்த்தீர்களா, தீப்பிடிக்கவில்லை என்பதற்காக. புதுச் சாதனத்தைக் கொண்டுவருபவர் அதன் ஆபத்தைப் பற்றி மேடையிலேயே பேசினார் என்பதை நினைவில் வையுங்கள். செல்போன் பையனிடம் அதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அதற்கு நாலு வருடம் முந்தியது. மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேடைக்கு வந்தபோது நம் கம்பெனிக்காரர்கள் அதை விளையாட்டுச் சாமானாக்கிவிட்டார்கள். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் புராண நாடகங்களைப் பற்றி எங்கள் தகப்பனார் தலைமுறை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகும். நான் பார்த்தது ஆர்.எஸ். மனோகரை. ‘இலங்கேஸ்வர’னில் விளக்கு அணைந்து மறுபடி எரிவதற்குள் மேடையில் வேறு உலகம் இருக்கும். அந்த இரண்டு நொடி இருட்டுதான் முழு மாயமும். கல்கத்தாவில் தாபஸ் சென், உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில் (1959, மினர்வா தியேட்டர்) சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறுவதை வெறும் விளக்கை வைத்தே காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் மேடையில் கிடையாது.

அந்தக் காலத்தில் ஒளியைக் கூட்டிக் குறைக்க உப்புத் தண்ணீர் டிம்மர் என்று ஒன்று உண்டு. ஜாடியில் உப்புத் தண்ணீர், அடியில் ஒரு உலோகத் தகடு. மேலிருந்து இன்னொரு தகட்டை மெல்ல இறக்கினால் மின்சாரம் கூடும், விளக்கு பிரகாசமாகும். தண்ணீர் சூடாகி ஆவி வரும், கொஞ்சம் அசந்தால் ஷாக் அடிக்கும். பிறகு கம்பி சுற்றிய ரெசிஸ்டன்ஸ் டிம்மர், அப்புறம் கையால் திருப்பும் டிரான்ஸ்ஃபார்மர். 1950-களின் கடைசியில் தைரிஸ்டர் என்ற சிறிய மின்னணு உறுப்பு வந்தது. அதுவரை பத்து விளக்குக்குப் பத்து பெரிய பிடிகள், அதைத் திருப்ப இரண்டு மூன்று ஆட்கள். தைரிஸ்டர் வந்தபின் ஒரு விரலே போதும். கனமான மின்சாரம் ஓர் அறையில், அதைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சமிக்ஞை வேறோர் இடத்தில் என்று இரண்டும் பிரிந்தது அப்போதுதான். விளக்குக்காரர் மேடையோரத்தை விட்டுக் கிளம்பியதும் அன்றைக்குத்தான் என்பேன்.

பிரிந்த இரண்டும் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டாமா? 1986-ல் அமெரிக்காவின் மேடைத் தொழில்நுட்பச் சங்கம் ‘டிஎம்எக்ஸ் 512’ என்று ஒன்றை வகுத்தது. ஒரே கேபிளில் 512 தடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0-விலிருந்து 255 வரை ஓர் எண். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். இந்த எண்களை நொடிக்குச் சுமார் 40 தடவை திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். விளக்கு பதில் சொல்லாது, சந்தேகமும் கேட்காது. வந்த எண் சரிதானா என்று பார்க்கும் ஏற்பாடும் அதில் இல்லை. அதனால்தான் வாணவேடிக்கை, ஆள் தொங்கும் கயிறு மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட எதையும் இதில் இணைக்கக்கூடாது என்று அந்தத் தொழிலில் கண்டிப்பான விதி.

கேபிள் இருந்தவரை பயமில்லை. குறுக்கே புக வேண்டுமானால் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து கேபிளைத் தொட வேண்டும், வாட்ச்மேன் பார்த்துவிடுவார். 1998-ல் பிரிட்டனின் ‘ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ்’ கம்பெனி, அந்த எண்களைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் அனுப்ப ‘ஆர்ட்நெட்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. 2009-ல் ‘எஸ்ஏசிஎன்’ வந்தது. நம் நாட்டில் 2005-லிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை. வைஃபை வீட்டுக்கு வீடு வந்தது, ஸ்மார்ட்போன் கைக்குக் கை வந்தது. எல்லாம் சேர்ந்தபின் கேபிளும் போயிற்று, வாட்ச்மேனும் போனார்.

வசதியைக் குறை சொல்ல மாட்டேன். ஏணி உச்சியில் ஒருவர் ஸ்பாட்டைத் திருப்பிக்கொண்டு “நாலாம் நம்பர் போடுப்பா!” என்று கத்த, பால்கனிக்காரருக்குக் காது கேட்காமல் ஏழாம் நம்பரைப் போட, ஒரு மத்தியானமே போய்விடும். இப்போது ஏணியில் நிற்பவரே போனில் போட்டு, பார்த்து, இறங்கிவிடுகிறார். வயர்லெஸ் விளக்குக் கட்டுப்பாட்டில் மிக நல்ல பயன் இதுதான். சின்னக் குழுக்களுக்குச் செலவும் மிச்சம்.

ஆனால் கம்பியில்லாத செய்தியில் யாரும் குறுக்கே புகலாம் என்பது 1903-லேயே தெரிந்துவிட்டது, அதுவும் ஒரு மேடையில். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃப்ளெமிங் என்ற விஞ்ஞானி, மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைச் செய்துகாட்ட ஜூன் மாதம் ஓர் உரை நிகழ்த்தினார். சுமார் 300 மைல் தள்ளி, கார்ன்வால் கடற்கரையிலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்புவதாக ஏற்பாடு. எங்கள் அலைவரிசையில் வேறு யாரும் நுழைய முடியாது என்பது மார்க்கோனியின் பெருமை. உரை முடியும் முன்பே, அரங்கில் இருந்த படம் காட்டும் லாந்தரின் ஆர்க் விளக்கு டக் டக் என்று தாளத்தோடு துடிக்க ஆரம்பித்தது. உதவியாளர் ஒருவருக்கு மோர்ஸ் தெரியும். கேட்டுப் பார்த்தால் ‘எலிகள், எலிகள்’ என்று யாரோ கிண்டல் செய்கிறார்கள்! அனுப்பியவர் நெவில் மாஸ்கலின். பக்கத்திலேயே எகிப்தியன் ஹால் அரங்கில் வித்தை காட்டும் குடும்பத்து மந்திரவாதி. கம்பித் தந்திக் கம்பெனி ஒன்று அவரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தது. ஃப்ளெமிங் பத்திரிகையில் கொதித்து எழுத, மாஸ்கலின் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்: பாதுகாப்பில்லை என்று காட்டத்தான் செய்தேன் என்றார். ஃப்ளெமிங்குக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சரியாகச் சொன்னவர் மாஸ்கலின்தான்.

120 வருடம் கழித்து நிலைமை என்ன? ஆர்ட்நெட்டிலும் எஸ்ஏசிஎன்னிலும் பாஸ்வேர்டு கிடையாது, ரகசியக் குறியீடும் கிடையாது. அந்த நெட்வொர்க்குக்குள் வந்துவிட்டவர் யாராயிருந்தாலும் எண்களை அனுப்பலாம். எஸ்ஏசிஎன்னில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 200 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. வழக்கமாக 100. யாராவது 200 என்று போட்டு அனுப்பினால், விளக்குகள் ஆபரேட்டரை விட்டுவிட்டு அவர் பேச்சைக் கேட்கும். பழைய பார்ட்டி லைன் டெலிபோன் நினைவிருக்கிறதா? ஒரே கம்பியில் நாலு வீடு, எடுத்தவர் எல்லாரும் பேசலாம். அதேதான் இது. ஆக, காவல் முழுக்க வைஃபை வாசலில்தான். உள்ளே பூட்டே இல்லை.

அந்த வாசலை நம் மண்டபங்கள் எப்படி வைத்திருக்கின்றன? நான் பார்த்த ஒன்றில், ரவுட்டரின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிச் சமையற்கட்டுக் கதவில் ஒட்டியிருந்தார்கள், பந்தி பரிமாறுபவர்கள் பாட்டுக் கேட்கட்டும் என்று. அதே ரவுட்டரில்தான் மேடை விளக்குகளும். இன்னோர் இடத்தில், ஒரு பள்ளி நாடகத்தில் ஏழெட்டுக் குழந்தைகள் உயரமான படிக்கட்டு செட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது மேடை திடீரென்று கும்மிருட்டாயிற்று. யாரும் உள்ளே புகவில்லை. அரங்கில் 300 பெற்றோர்கள், 300 செல்போன்கள், எல்லாரும் வீடியோ எடுத்து உடனே அனுப்புகிறார்கள். நெரிசலில் சமிக்ஞை அறுந்துவிட்டது. அறுந்தால் அணைந்துவிடு என்று அந்த விளக்குகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஓர் ஆசிரியை “அசையாதீங்க கண்ணுங்களா, அப்படியே உட்காருங்க” என்று சத்தம் போட்டதால் பிழைத்தோம். வேண்டுமென்று செய்பவனுக்கும் தற்செயலுக்கும் மேடையில் நிற்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை, செலவும் அதிகமில்லை. மேடைக்கென்று தனி ரவுட்டர், அதற்கு இன்டர்நெட் இணைப்பே வேண்டாம். கடையில் வாங்கும்போது இருக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-ல் ‘மிராய்’ என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது அந்தத் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். ஒவ்வொரு வாடகை நிகழ்ச்சிக்குப் பிறகும் இன்னொரு முறை மாற்றுங்கள். பூட்டு முறை டபிள்யூபிஏ 2-க்குக் குறையக் கூடாது, 2018-ல் வந்த டபிள்யூபிஏ 3 இருந்தால் நல்லது. அதற்கும் முந்தைய டபிள்யூஇபி 2001-லேயே உடைபட்டுவிட்டது. 2.4-ல் கூட்டம் அதிகம், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸ். சமிக்ஞை அறுந்தால் கடைசியாக இருந்த வெளிச்சத்திலேயே நில் என்று விளக்குகளில் அமைத்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய லைட்காரர், வயது எழுபதைத் தாண்டியவர், ஒத்திகை முழுவதும் போனில்தான் வேலை செய்வார். நிகழ்ச்சி அன்று போனைப் பையில் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து மேடைவரை கேபிள் இழுத்துவிடுவார். மேடைப் படியருகே இரண்டு விளக்குகளுக்கு மட்டும் சுவரில் சாதாரண சுவிட்ச். எந்த நெட்வொர்க்கிலும் அவை இல்லை. அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுப் பேரனை உட்கார வைத்திருப்பார்.