கணக்குக் கேட்டவர்கள்



எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டா அரசாங்கமே பதில் சொல்லுது. தகவல் உரிமைக் கதவு திறந்தாச்சு" என்றார். அந்தக் கதவை யார் தட்டினார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

1923-இல் வெள்ளைக்காரன் அலுவலக இரகசியச் சட்டம் போட்டான். அவன் போயிட்டான்; சட்டம் இன்னும் இங்கேதான் இருக்கு! (சிரிப்பு) அதிகாரிகள் பொதுவில் செய்யும் காரியங்களை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று 1975-லேயே ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த உரிமை நாடு முழுமைக்குமான சட்டமாக 30 வருஷம் ஆயிற்று.

நடுவில் நடந்ததுதான் கதை. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலை. மண் சுமந்த பெண்களுக்கு முழுக் கூலி வரவில்லை. கேட்டால், "வருகைப் பதிவேட்டில் நீ செய்த வேலை அவ்வளவுதான்" என்றார்கள். "சரிங்க, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்க." "அது அரசாங்க இரகசியம்!" மண்வெட்டிக் கணக்கில் என்னய்யா இராணுவ இரகசியம்? (கைதட்டல்)

1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை. தொடர்ந்து பல ஊர்களில் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரெல்லாம் கூலி வாங்கியிருந்தது! 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. முன்னின்றவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை உதறிய அருணா ராய். எங்கள் பணம், எங்களுக்குக் கணக்கு – இதுதான் கோஷம். நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டு என்ன சொல்லுது? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரனும் குடவோலைக்குத் தகுதியில்லை. பத்தாம் நூற்றாண்டுச் சங்கதி!

1997-இல் தமிழ்நாடுதான் முதலில் சட்டம் கொண்டுவந்தது. அதில் விதிவிலக்குப் பட்டியல் ரொம்ப நீளம். 2005-இல் மத்தியச் சட்டம்: 30 நாளில் பதில், உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். நல்ல சட்டம், மறுக்கவில்லை. மாணவன் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011-இல் தீர்ப்பு வந்தபோது, திருத்துகிற எங்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது! (சிரிப்பு) அதே தீர்ப்பு, இல்லாத தகவலைத் திரட்டிக் கொடுக்கும் கடமை அலுவலகத்துக்கு இல்லை என்றும் சொன்னது.

2008-இல் நம் மாநிலத்தில் லஞ்ச ஒழிப்புத் துறைக்கே விலக்கு அளித்தார்கள். ஊழல் புகார் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு விலக்கு என்று எனக்குப் புரியவில்லை.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவைத் திருத்த அதில் ஒரு வரி. முன்பு, பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத தனிவிவரத்தைத்தான் மறுக்கலாம். இப்போது தனிவிவரம் என்றாலே மறுக்கலாம். பொதுநலன் கருதிக் கொடுக்க 8(2) இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, முதலில் முடிவு செய்வது அதே அலுவலகத்து நாற்காலிதான்.

வருகைப் பதிவேட்டில் இருப்பது என்ன? பெயர், ஊர், நாள், கூலி. பியாவரில் கேட்டது அதைத்தான். அதே பதிவேட்டை இன்று ஒரு கூலிக்காரப் பெண் கேட்டால், "இது தனிநபர் விவரம்" என்று எழுதித் திருப்பியனுப்ப இடமிருக்கிறதா, இல்லையா? எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். (கைதட்டல்)