விஜயபுரியில் தங்கியவர்கள்

ஹைதராபாத்தின் பெரும்பகுதி வீட்டுக் குழாய்களில் 2004 முதல் வரும் கிருஷ்ணா நீர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் ஒரு தலைநகரத்தின் மேல் தேங்கி நின்ற பிறகே அந்த நகரை அடைகிறது. அந்தத் தலைநகரின் பெயர் விஜயபுரி. இக்ஷ்வாகு அரசர்கள் அங்கிருந்து ஏறத்தாழ நூறாண்டுகள் ஆண்டனர். அதைச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட பௌத்த நிலையங்கள் இருந்தன. இன்று மேலே தெரிவது நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கமும், அதன் நடுவே தீவாகிப்போன நாகார்ஜுனகொண்டா மலையுச்சியும் மட்டுமே.

ஹைதராபாத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்று கருதிச் செல்வோரே மிகுதி. அவர்களுள் பலர் அணையைப் பார்த்து, கரையோரம் மீன் வறுவல் தின்று, படகு கிடைக்காமல் திரும்புகின்றனர். ஓரிரவேனும் தங்காமல் அந்த இடத்தைப் பார்க்க முடியாது என்பதே உண்மை. அணை கட்டிய பொறியாளர்களுக்காக எழுந்த ஹில் காலனியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் விடுதிகள் உள்ளன. தீவில் எவரும் இரவு தங்க இயலாது. படகு முக்கால் மணி நேரம் ஓடும். அது திரும்பும் நேரத்திற்குள் பார்த்தது பார்த்ததுதான். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை என்பதைக் கரைக்கு வந்த பிறகு தெரிந்துகொள்வோரும் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் வந்து தங்குவோருக்காகக் கட்டப்பட்டது. விகாரை என்ற சொல்லை இன்று நாம் கோயில் என்ற பொருளில் எளிதாகக் கையாள்கிறோம். நாகார்ஜுனகொண்டாவின் தரைப்படங்களைப் பார்த்தால் அது முதலில் தங்குமிடம் என்பது விளங்கும். நடுவில் தூண்கள் தாங்கிய மண்டபம், அதைச் சுற்றி மூன்று புறமும் சிற்றறைகளின் வரிசை, பக்கத்தில் உணவுக்கூடம், பண்டக அறை, குளியலிடம். வாயிற்புறத்தில் தூபியும், ஒரு முனை அரைவட்டமாக முடியும் சைத்தியமும். வழிபாடு அங்கு உண்டு. ஆனால் கட்டடத்தின் பரப்பில் பெரும்பங்கு உறங்கவும் உண்ணவும் ஓதவுமே ஒதுக்கப்பட்டது.

இவற்றுக்குப் பொருள் கொடுத்தவர்கள் யார் என்பதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இக்ஷ்வாகு மரபைத் தொடங்கிய வாசிட்டீபுத்திர சாந்தமூலன் அசுவமேதம் செய்தவன். வைதிக நெறியில் நின்றவன். அவனுடைய தங்கை சாந்தசிரிதான், அவன் மகன் வீரபுருஷதத்தனின் ஆறாம் ஆட்சியாண்டில், பள்ளத்தாக்கின் தலையாய நினைவுச்சின்னமான மகாசைத்தியத்துக்குத் தூண்கள் நாட்டினாள். 106 அடி விட்டமுள்ள அந்தத் தூபியின் அடித்தளம் தேர்ச்சக்கரம் போல் ஆரங்களுடன் அமைந்தது. உஜ்ஜயினி அரசன் மகளான உருத்திரதர பட்டாரிகை அதற்கு ஒரு தூணும் 170 தீனார மாசகங்களும் கொடுத்தாள். வனவாசி அரசிக்கு மகிசாசகப் பிரிவுத் துறவியர்க்கான விகாரையும், பட்டிதேவிக்குப் பகுசுருதீயர்க்கான விகாரையும் பெருமை சேர்த்தன. அரசன் வேள்வி செய்ய, அரண்மனைப் பெண்கள் விகாரை கட்டினர் என்று ஒரே வரியில் இதைச் சுருக்கிவிடுவது பாடநூல்களின் வழக்கம். சுருக்கம் தவறில்லை, ஆனால் மிக முக்கியமான கொடையாளி ஒருத்தி அதில் விடுபட்டுப்போகிறாள்.

அவள் பெயர் போதிசிரி. அரச குலத்தவள் அல்லள், இல்லறத்தார் குடும்பத்துப் பெண், உபாசிகை. வீரபுருஷதத்தனின் பதினான்காம் ஆட்சியாண்டில் சுல்லதம்மகிரி என்ற சிறு குன்றின் மேல் ஒரு சைத்தியத்தைக் கட்டி, தாமிரபரணித் தீவின், அதாவது இலங்கையின், தேரர்களுக்கு உரியதாக்கினாள். அதன் தளக்கல்லில் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டில் தன் பிற கொடைகளையும் கணக்கெழுதுவது போல் அடுக்கியிருக்கிறாள். சிங்கள விகாரையில் போதி மரத்திற்கு ஒரு மாடம், மகாதம்மகிரியில் ஓர் அறை, தேவகிரியில் தியானத்திற்கொரு கூடம், புவசேலத்தில் குளமும் மண்டபமும், கிருஷ்ணை முகத்துவாரத்தை அடுத்த கண்டகசேலத்தில், இன்றைய கண்டசாலாவில், பெரிய சைத்தியத்தின் கீழை வாயிலில் ஒரு கல்மண்டபம், ஓரிடத்தில் மூன்று அறைகள், இன்னோரிடத்தில் ஏழு. பொன்னையோ நிலத்தையோ அல்ல, பெரும்பாலும் அறையையும் திண்ணையையும் நீரையுமே அவள் கொடுத்தாள். வந்து தங்குகிறவனுக்கு எது வேண்டும் என்று அறிந்தவளின் பட்டியல் அது. துறைமுகத்திலிருந்து உள்நாடு வரையில் அவள் கொடைகள் பரவிக் கிடப்பதைக் காண்கையில், இலங்கையிலிருந்து கப்பலேறி வரும் துறவியின் வழித்தடத்தையே அவள் மனத்தில் கொண்டிருந்தாள் எனக் கருத இடமிருக்கிறது.

அதே கல்வெட்டில்தான் தமிழர் பெரிதும் எடுத்தாளும் சொல் ஒன்று வருகிறது. அந்தத் தேரர்கள் எந்தெந்த நாட்டு மக்களை அறத்தின்பால் மகிழச் செய்தனர் என்று சொல்லுமிடத்தில் காஷ்மீரம், காந்தாரம், சீனம், சிலாதம், தோசலி, அபராந்தம், வங்கம், வனவாசி, யவனம், தமிள, பாலூர், தம்பபண்ணித் தீவு என்ற பன்னிரண்டு பெயர்கள் உள்ளன. இதைக் கொண்டு விஜயபுரியில் தமிழ்த் துறவியர் மடம் இருந்தது என்று எழுதுகிறார்கள். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. இது விருந்தினர் பதிவேடன்று. ஒரு துறவியர் மரபு தன் சமயப் பரப்பலின் எல்லைகளைப் பெருமையுடன் எண்ணிக்காட்டும் வாசகம். தமிழகம் அந்த மரபின் பார்வைக்குள் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்த அளவே போதுமானது. அதைப் பெருக்கத் தேவையில்லை. மெய்யான தொடர்பைத் தேடுவோர் காவிரிப்பூம்பட்டினத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே பல்லவனேசுவரத்தில் அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரையில், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதம் கிடைத்தது. அதைப் பார்த்தவர்க்குக் கிருஷ்ணைக் கரையின் சிற்ப மரபு நினைவுக்கு வராமற்போகாது.

மலைக்குப் பெயர் தந்த நாகார்ஜுனரைப் பற்றி ஒரு சொல். மத்தியமகத் தத்துவத்தின் ஆசிரியர் ஸ்ரீபர்வதத்தில் வாழ்ந்தார் என்பது திபெத்திய மரபு. இந்தப் பள்ளத்தாக்கின் பழம்பெயரும் ஸ்ரீபர்வதமே. ஆனால் இக்ஷ்வாகு காலக் கல்வெட்டு எதிலும் அவர் பெயர் இல்லை. இன்று அணைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் ஊருக்கும் அவர் பெயர். போதிசிரியின் பெயர், தீவில் மறுபடி எழுப்பிய சைத்தியத்தின் அடையாளப் பலகையில் நிற்கிறது.

நான்காம் நூற்றாண்டில் இக்ஷ்வாகுகள் மறைந்தபின் பள்ளத்தாக்கு மெல்ல ஆளற்றுப்போனது. மூன்று புறம் மலை, நான்காம் புறம் ஆறு. 1926இல் சூரபராஜு வெங்கடராமய்யா என்ற பள்ளி ஆசிரியர் அங்கே கல்தூண்கள் நிற்பதைத் தெரிவித்தார். கல்வெட்டுத் துறையின் ரங்கசாமி சரஸ்வதி சென்று பார்த்தார். அன்று அது சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டம். மாச்செர்லாவிலிருந்து 16 மைல் மேற்கே, காடு. 1927 முதல் 1931 வரை அகழ்ந்த லாங்ஹர்ஸ்ட், மகாசைத்தியத்தின் ஆரங்களுக்கிடையே ஓர் அறையில் மிகச் சிறிய பொற்பேழையும் அதனுள் ஓர் எலும்புத் துணுக்கும் கண்டார். அந்த எச்சம் பின்னர் சாரநாத்தின் மூலகந்தகுடி விகாரைக்கு அளிக்கப்பட்டது. ஃபோகல் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டார். 1938இல் டி. என். ராமச்சந்திரன் வந்து மேலும் சில இடங்களை அகழ்ந்தார். அவ்வளவில் வேலை மெதுவாக, அறிஞர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

அணை அதை மாற்றியது. 1955 டிசம்பர் 10 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே, 1954இல், ஆர். சுப்பிரமணியம் தலைமையில் மீட்பு அகழாய்வு தொடங்கிவிட்டது. ஏறத்தாழ 23 சதுர கிலோமீட்டர் பள்ளத்தாக்கு, ஆறு ஆண்டுகள், நூற்றுக்கு மேற்பட்ட அகழிடங்கள். பழைய கற்காலக் கருவிகள் முதல் இடைக்காலக் கோட்டை வரை வெளிவந்தன. பௌத்த நிலையங்களின் பக்கத்திலேயே கார்த்திகேயனுக்கும் எண்கரத் திருமாலுக்கும் கோயில்கள் இருந்ததும், கற்படிகள் இறங்கும் ஆற்றுத்துறையும், சுற்றிலும் படிவரிசை கொண்ட அரங்கமும் அப்போதுதான் தெரியவந்தன. ஒன்பது கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து மலையுச்சியில் மீண்டும் நிறுத்தினர். அரங்கம் உள்ளிட்ட சில, கரையிலுள்ள அனுப்புவில் மறுபடி கட்டப்பட்டன. 1966இல் தீவு அருங்காட்சியகம் எழுந்தது. 1967 ஆகஸ்டில் கால்வாய்களில் நீர் விட்டனர்.

இந்த இழப்பை வெறும் அழிவென்று பேசுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். வறண்ட நல்கொண்டாவும் பல்நாடும் நெல் கண்டன. பின்னர் ஹைதராபாத்தின் தாகமும் அதனால் தணிந்தது. பள்ளத்தாக்கிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களுக்காகக் கல்லைப் போல் எவரும் எண்ணிட்டு அடுக்கி மறுபடி நிறுத்தித் தரவில்லை என்பதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். தொல்லியலாளர் தம் பங்கை வியக்கத்தக்க வகையில் செய்தனர். குறை வேறிடத்தில் இருக்கிறது. 1960இல் முடிந்த அகழாய்வின் முதல் அறிக்கைத் தொகுதி 1975இல் வந்தது. விகாரைகளும் கோயில்களும் இடம்பெறும் வரலாற்றுக் காலத் தொகுதி, கே. வி. சௌந்தரராஜனின் உழைப்பில், 2006இல்தான் வந்தது. காவிரிப்பூம்பட்டின அகழாய்வு அறிக்கையை எழுதியவரும் அவரே. தளத்திற்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க வழியில்லாத ஓரிடத்தைப் பற்றிய அறிக்கை, நாற்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தது.

2022இல் நீர்த்தேக்கத்தின் தெலங்கானாக் கரையில் 274 ஏக்கரில் புத்தவனம் திறக்கப்பட்டது. அமராவதித் தூபியின் மாதிரியில் ஒரு பெரிய மாடம் அங்கே இருக்கிறது. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்க்கத் தகுந்ததே. ஆயினும் ஒரே பகல் மட்டும் கையிலிருப்பவர் அதை விட்டுவிட்டு அனுப்புவுக்கும் தீவுக்கும் போவது நலம். தீவில் மகாசைத்தியத்தின் சக்கர அடித்தளத்தைப் பார்க்கையில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: அது இருந்த இடம் இதுவன்று; கற்கள் மட்டுமே அவை. சற்றுத் தள்ளிச் சிம்ம விகாரையின் அறை வரிசை இருக்கிறது. ஒவ்வோர் அறையும் ஒருவர் படுக்கப் போதுமான அளவு. சுவர் இடுப்புயரம்கூட இல்லை. கடைசிப் படகு புறப்படும் முன் அங்கே சிலர் உட்கார்ந்து களைப்பாறுவதுண்டு.