பெட்டி முதலில், ஆசிரியர் பிறகு: வானொலி முதல் கைக்கணினி வரை தமிழக வகுப்பறைத் தொழில்நுட்பமும் ஆசிரியரின் தன்னம்பிக்கையும்

1975 அக்டோபரில் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 24,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்று 12 நாள் பயிற்சி பெற்றார்கள். அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி இஸ்ரோ நடத்திய ‘சைட்’ என்னும் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையின் ஒரு பகுதி அது. தொலைக்காட்சி நிகழ்ச்சி அந்தப் பயிற்சியின் ஓர் அங்கம் மட்டுமே. வானொலி உரை இருந்தது. அச்சிட்ட கையேடு இருந்தது. கையால் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இருந்தன. அந்தந்த மையத்தில் உடனிருந்து நடத்த ஒரு வழிகாட்டியும் இருந்தார். ஐம்பதாண்டுக்கு முந்தைய இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு இன்றைய இணையவழிப் பணியிடைப் பயிற்சிகளைப் பார்ப்பவருக்கு, நாம் முன்னே போயிருக்கிறோமா என்ற ஐயம் எழாமல் இருக்காது.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. இருந்தும் இந்த ஆய்வை அங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. தமிழகப் பள்ளிகளில் தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகள் வந்து இறங்கிய வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது: எந்த ஆண்டு எத்தனை கணினி, எத்தனை ஆய்வகம், எத்தனை கோடி. அந்தக் கருவியை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தயங்காமல் இயக்கும் துணிவு ஆசிரியருக்கு எப்போது, எதனால் வந்தது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. இக்கட்டுரை தேடுவது அதைத்தான்.

துணிவு என்பது அளக்க முடியாத மனநிலை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கோட்பாடு இங்கே பயன்படும். ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு முதன்மையாகத் தானே செய்து வெற்றி கண்ட அனுபவத்திலிருந்து வருகிறது. அடுத்து, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பதிலிருந்து வருகிறது. பிறர் சொல்லி ஊக்குவிப்பதற்கு இவற்றைவிட வலு குறைவு. நம் ஆசிரியர் பயிற்சிகள் பெரும்பாலும் இந்த வலுக்குறைந்த வழியையே நம்பின என்பது என் கணிப்பு. கருத்தாளர் பேசினார், ஆசிரியர் கேட்டார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கிளம்பினார்.

பீரோவுக்குள் போன கருவிகள்

1930களின் இறுதியிலேயே அகில இந்திய வானொலி பள்ளி ஒலிபரப்புகளைத் தொடங்கிவிட்டது. சென்னை நிலையமும் அதில் பங்கேற்றது. வானொலி கேட்பதில் ஆசிரியருக்குத் தொழில்நுட்பச் சிக்கல் ஏதுமில்லை. சிக்கல் கால அட்டவணையில் இருந்தது. ஒலிபரப்பு வரும் நேரத்துக்கு அந்தப் பாடவேளை இருக்க வேண்டும்; அந்த வாரம் அந்தப் பாடம் நடந்துகொண்டிருக்க வேண்டும். பாடத்தின் வேகத்தை வகுப்பறைக்கு வெளியே இருந்த ஒருவர் தீர்மானித்தார். அமெரிக்கக் கல்வி வரலாற்றாளர் லாரி கியூபன், 1920க்குப் பிறகு அந்நாட்டு வகுப்பறைகளுக்குள் வந்த திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை ஆராய்ந்து 1986இல் எழுதிய நூலில், ஆசிரியரின் அன்றாட வேலையோடு பொருந்தாத கருவி வகுப்பறையில் வேர்விடவில்லை என்று காட்டினார். நம்மூர்ப் பள்ளி வானொலிக்கும் இது அப்படியே பொருந்தும்.

1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நடுவண் அரசு பள்ளிகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், ‘டூ-இன்-ஒன்’ எனப்பட்ட வானொலி-கேசட் கருவியும் வழங்கியது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் பழுதானால் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அது அவர் அறையில் பீரோவுக்குள் போய்ப் பத்திரமாக இருந்தது. இதைச் சோம்பல் என்று எழுதிவிடுவது சுலபம். தணிக்கையில் பொருளைக் கேட்பார்கள், பாடத்தைக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தவர் எடுத்த முடிவு அது. ஆசிரியரின் தயக்கத்தில் ஒரு பகுதி திறமைக் குறைவால் வந்ததல்ல, பழுதுக்குப் பொறுப்பேற்கும் அச்சத்தால் வந்தது. பயிற்சித் திட்டங்கள் இந்த அச்சத்தை எந்தக் காலத்திலும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அதே கொள்கையின் வழியாக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள், நம் ஆசிரியர்கள் ‘டயட்’ என்று சொல்பவை, தோன்றின. பயிற்சி மாவட்டத்துக்கு அருகில் வந்தது. பின்னர் அனைவருக்கும் கல்வித் திட்டக் காலத்தில் வட்டார வள மையங்களும் குறுவளமையங்களும் அதை ஒன்றியம்வரை கொண்டுபோயின. இந்த அடுக்கமைப்பைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

கணினி உள்ளே, ஆசிரியர் வெளியே

பள்ளிகளில் கணினி 1984இல் ‘கிளாஸ்’ திட்டத்தோடு நுழைந்தது. நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளில் பிரிட்டனிலிருந்து வந்த பிபிசி மைக்ரோ கணினிகள் வைக்கப்பட்டன. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட். மென்பொருளும் அங்கிருந்தே வந்தது, ஆங்கிலத்தில். தேர்ந்தெடுத்த சில ஆசிரியர்கள் உயர்கல்வி நிறுவனங்களில் குறுகிய காலப் பயிற்சி பெற்றார்கள். கணினியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் அவர்கள் பழகினார்கள். கணினியைக் கொண்டு வரலாறோ கணக்கோ நடத்த அல்ல. இந்தப் பிரிவினை அடுத்த இருபதாண்டுகளுக்கு நீடித்தது.

தமிழ்நாட்டில் 1990களின் இறுதியில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் விரிவானபோது, ஆய்வகம் அமைப்பதும் கற்பிப்பதும் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாக விடப்பட்டன. கணினிப் பயிற்றுநர்கள் குறைந்த ஊதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். பணிநிரந்தரத்துக்காக அவர்கள் போராடியதும் வழக்காடியதும் தனி வரலாறு. நமக்கு முக்கியமானது அதன் துணைவிளைவு. பள்ளியில் கணினி ஓர் அறைக்குள் இருந்தது; அந்த அறைக்கு ஒரு சாவி இருந்தது; சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது. தமிழாசிரியரோ சமூக அறிவியல் ஆசிரியரோ அந்த அறைக்குள் போக வேண்டிய தேவை எழவில்லை. குளிரூட்டப்பட்ட அறை, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும் என்ற விதி எல்லாம் சேர்ந்து கணினியை அவர்களிடமிருந்து மேலும் விலக்கி வைத்தன.

நடுநிலைப் பள்ளிகளில் 2000களில் வந்த ‘கணினிவழிக் கற்றல்’ குறுந்தகடுகள் இதைச் சரிசெய்திருக்கலாம். பாடப்பொருள் தமிழில் இருந்தது, படம் அசைந்தது, பிள்ளைகள் விரும்பினார்கள். ஆனால் பிள்ளை நேராகக் கணினியிடம் கற்றுக்கொள்ளும்; ஆசிரியர் வரிசையை ஒழுங்குபடுத்தினால் போதும் என்ற எண்ணத்தில் அவை வடிவமைக்கப்பட்டிருந்தன. பல மாநிலங்களில் இத்தகைய குறுந்தகடுகளைப் பெரிய அளவில் உருவாக்கிய அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையே பின்னர் அந்த வழியிலிருந்து விலகியது. கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தின் எல்லைகள் குறித்து அதன் பொறுப்பாளர் அனுராக் பெஹர் 2010இல் வெளிப்படையாகவே எழுதினார். தன் செலவில் செய்த சோதனையின் தோல்வியைத் தானே சொல்வது நம் கல்வித் துறையில் அரிது. அந்தக் கட்டுரையை இன்றும் பயிற்சிகளில் படிக்கக் கொடுக்கலாம்.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 50 லட்சம் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது. கிராமத்து வீடுகளில் முதல் கணினியாக நுழைந்தது பெரும்பாலும் இதுதான். அந்த வகையில் இதன் சமூக விளைவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் வகுப்பறைக்குள் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியிடம் மடிக்கணினி இருக்க, அவளுக்கு வேதியியல் நடத்துபவரிடம் அரசு கொடுத்த ஒன்றும் இல்லை.

எழுத்துருச் சிக்கல்

தமிழ்வழி ஆசிரியரின் தயக்கத்துக்கு, கொள்கை ஆவணங்கள் அதிகம் பேசாத ஒரு காரணம் உண்டு. அவர் தட்டச்சு செய்தது அடுத்த கணினியில் தமிழாகத் தெரியவில்லை. 1990களிலும் 2000களிலும் அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களிலும் தட்டச்சு மையங்களிலும் பாமினி என ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறியாக்கம். காலாண்டுத் தேர்வு வினாத்தாளை ஒரு மையத்தில் அடித்து வாங்கிவந்து பள்ளிக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து ஓடும். தட்டச்சு முறையோ பழைய தட்டச்சுப்பொறி அமைப்பு, ஒலிபெயர்ப்பு, தமிழ்99 என மூன்று வழியாகப் பிரிந்தது. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டபோதும் பள்ளிகள்வரை அது எட்டவில்லை.

இதை ஆசிரியரின் கோணத்தில் எண்ணிப்பாருங்கள். முதன்முதலாகத் துணிந்து ஒரு பக்கம் அடிக்கிறார். அது இன்னோரிடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பிழை எழுத்துருவினுடையது, ஆனால் தனக்குத்தான் கணினி வராது என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். பண்டூராவின் கோட்பாட்டில் இதைவிட மோசமான தொடக்கம் கிடையாது.

2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முன்பே அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இணையத்தில் எழுதியவர்களிடையே பரவியிருந்தன. பின்னர் ஆண்ட்ராய்டு பேசியும் செல்லினம் போன்ற விசைப்பலகைகளும் வந்தன. ஆசிரியரின் தனிப்பட்ட தொழில்நுட்ப வாழ்க்கை உண்மையில் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான் என்பேன். அரசுப் பயிற்சியால் அல்ல. புதுக்கோட்டையில் ஆசிரியர்கள் பலரைக் கொண்ட கணினித் தமிழ்ச் சங்கம் வலைப்பூப் பயிற்சிகளை நடத்தியது. 2015 அக்டோபரில் அங்கே வலைப்பதிவர் திருவிழாவும் நடந்தது. பாடசாலை, கல்விச்செய்தி போன்ற தளங்களில் ஆசிரியர்கள் தாங்கள் தயாரித்த வினாத்தாளையும் பாடக்குறிப்பையும் பகிர்ந்தார்கள். அங்கே கருத்தாளர் என்று எவரும் இல்லை. பக்கத்து ஒன்றியத்து ஆசிரியர் ஒருவர் செய்திருக்கிறார்; ஆகவே நானும் செய்யலாம் என்ற எண்ணம்தான் பயிற்சி.

இந்த இடத்தில் கேரளத்தை எட்டிப்பார்ப்பது தகும். 2001இல் அங்கு தொடங்கிய ‘ஐடி@ஸ்கூல்’ திட்டம் கணினிப் பாடத்தைத் தனிப் பயிற்றுநரிடம் விடாமல், இருக்கும் பாட ஆசிரியர்களிடமே ஒப்படைத்தது. முதன்மைப் பயிற்றுநர்களும் பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர்களே. தனியுரிம மென்பொருளைச் சார்ந்த பாடத்திட்டத்தை ஆசிரியர் சங்கமே எதிர்த்தது. திட்டம் கட்டற்ற மென்பொருளுக்கு நகர்ந்தது. உரிமக் கவலையின்றி எத்தனை கணினியிலும் நிறுவலாம், கெட்டுப்போனால் மறுபடி நிறுவலாம் என்ற நிலை, பீரோ அச்சத்துக்கு நேர் மருந்து. 2018இல் அங்கே 45,000 வகுப்பறைகள் உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளானபோது, ஏறத்தாழ இருபதாண்டுப் பழக்கமுள்ள ஆசிரியர்கள் அவற்றுக்குள் நுழைந்தார்கள்.

2018க்குப் பிறகு

2018இல் தமிழகத்தில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கங்களில் க்யூஆர் குறியீடு இருந்தது. முந்தைய ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய திக்‌ஷா என்னும் இணையவழிக் கற்றல் தளத்தில் அதற்கான காணொளி இருந்தது. கருவி முதன்முறையாகப் பாடநூலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆசிரியர் தேடி அலைய வேண்டாம். சொந்தப் பேசியால் சுட்டினால் போதும். அதே காலத்தில் 6,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதில் பாடம் நடத்தியவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களே. கேமராவுக்கு முன் நின்று நடத்தும் சக ஆசிரியரைத் திரையில் பார்ப்பது எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விட வலுவானது. ‘நம்மால் முடியுமா’ என்று தயங்கியவருக்கு அது நேரடியான பதில்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. யாரும் யாருக்கும் பயிற்சி கொடுக்க நேரமில்லாத அந்த மாதங்களில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார்கள். கூகுள் மீட்டில் வகுப்பெடுத்தார்கள். பிள்ளைகளிடம் கருவி இல்லாததால் பல ஊர்களில் அந்த முயற்சி பாதியில் நின்றது. ஆனால் தொழில்நுட்பத்தைப் பார்த்து விலகி நின்ற ஆசிரியர் தலைமுறை அந்த ஈராண்டில் அநேகமாக மறைந்துவிட்டது.

அந்தப் புதிய துணிவு பிறகு எங்கே செலவானது என்பதுதான் கேள்வி. கல்வித் துறையின் ‘எமிஸ்’ என்னும் தகவல் மேலாண்மைத் தளத்தில் மாணவர் விவரம், செயலியில் வருகைப்பதிவு, நலத்திட்டப் பதிவு, 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேசியில் மதிப்பீடு. காலை முதல் பாடவேளையில் இணையம் சுற்றிக்கொண்டிருக்க, ஆசிரியர் பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், பிள்ளைகள் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் பழக்கமான காட்சியாயின. ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து எதிர்த்த பின், எமிஸ் வேலையின் ஒரு பகுதியை ஆய்வகங்களுக்கு நியமிக்கப்பட்ட ஊழியர்களிடம் அரசு மாற்றியது. ஆசிரியர்களின் கணினித் திறனை இந்தப் பதிவு வேலை வளர்த்தது என்று வாதிடுவோர் உண்டு. விரல்கள் வேகமானது உண்மை. ஆனால் மேலே அனுப்பும் தகவலுக்காகப் பழகிய திறன், பிள்ளைக்குப் பின்னத்தை விளக்குவதற்குத் தானாகத் திரும்பிவிடாது. 2006இல் கல்வி ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் முன்வைத்த சட்டகம் இதையே வலியுறுத்துகிறது: தொழில்நுட்ப அறிவு, பாட அறிவு, கற்பிக்கும் முறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் வகுப்பறைக்குப் பயன்படும் அறிவு பிறக்கிறது.

2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கைக்கணினி வழங்கும் பணி தொடங்கியது. மாணவருக்கு மடிக்கணினி கொடுத்துப் பதின்மூன்று ஆண்டுக்குப் பின் ஆசிரியரின் முறை வந்திருக்கிறது. டயட், வட்டார வள மையம், குறுவளமையம் என்னும் அடுக்கமைப்பு அப்படியே இருக்கிறது. குறுவளமையக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் தன் கைக்கணினியைக் கொண்டு அரைமணி நேரம் உண்மையான பாடம் ஒன்றை நடத்திக் காட்ட, மற்றவர்கள் அடுத்த வாரம் தம் வகுப்பில் அதைச் செய்து பார்த்துவிட்டு வந்து பேசினால், 1975இன் அந்த வழிகாட்டி செய்த வேலையை இன்று செய்துவிடலாம். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அந்த அரைமணி நேரத்தில் சுற்றறிக்கை வாசிக்காமல் இருந்தால் போதும்.

இந்தத் துறையில் ஆய்வு செய்ய வருவோருக்கு ஒரு தரவுச் சிக்கல் காத்திருக்கிறது. பள்ளிகளின் விவரங்களை நாடு முழுவதும் திரட்டும் ‘யு-டைஸ்’ படிவத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் கணினி பயன்படுத்தவும் கணினிவழிக் கற்பிக்கவும் பயிற்சி பெற்றாரா என்றொரு வினா இருக்கிறது. விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. பத்து ஆண்டுக்கு முன் ஒருநாள் வட்டார வள மையத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கும், வாரந்தோறும் தன் வகுப்பில் காணொளி காட்டிப் பாடம் நடத்துபவருக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே விடைதான் விழுகிறது.