அலேசியாவும் அரியாங்குப்பமும்

போன வாரம் பேத்தி ஒரு பாடத்தை எனக்குக் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். பனிப்புயலில் மாட்டிக்கொண்ட ஒரு கிராமத்தின் கதை. "என்னம்மா சொல்லியிருக்கு அதுல?" என்றேன். "தெரியல தாத்தா, ஆனா தப்பில்லாம படிச்சேன் இல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்த ஜாதிதான்.

1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான். ஆனாலும் என் படிப்பு முழுக்கப் பிரெஞ்சு வழியில். வரலாற்றுப் புத்தகத்தில் கோல் இனத்தாரை எங்கள் பாட்டன் முப்பாட்டன் போலவே சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குப் பெரிய மீசை, எங்களுக்கு இன்னும் அரும்பே விடவில்லை. என் உச்சரிப்பு நன்றாக இருக்கும் என்பதால் வாசிக்க என்னைத்தான் எழுப்புவார்கள். பெருமையாக இருக்கும்.

ஒருநாள் அலேசியா முற்றுகைப் பாடம். கி.மு. 52. வெர்சேன்ஜேதோரிக்ஸ் படையோடு கோட்டைக்குள். சீசர் சுற்றிலும் அரண் கட்டி, வெளியிலிருந்து உதவிப்படை வந்தால் தடுக்க அதற்கும் வெளியே இன்னொரு வளையம் போட்டுவிட்டார். நான் ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்து முடித்தேன். வாத்தியார் கேட்டார்: "உள்ளே இருந்தவங்க ஏன் தோத்தாங்க?" சுவர், அகழி, பசி எல்லாச் சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். பதில் தெரியவில்லை. வகுப்பில் யாருக்குமே தெரியவில்லை.

அவர் புத்தகத்தை மூடச் சொன்னார். அந்த வகுப்பில் தமிழ் பேசக்கூடாது, அவரே தமிழில் கேட்டார்: "நம்ம ஊர்க் கோட்டையை இடிச்ச கதை வீட்டுல யாராவது சொல்லியிருக்காங்களா?" கும்பினிக்காரன் இடித்தான் என்று ஆயா சொன்னதாக ஒருவன் எழுந்தான். அரியாங்குப்பத்திலிருந்து வரும் பையனிடம், ஆற்றைத் தாண்ட விடாவிட்டால் எப்படி ஊருக்குள் வருவாய் என்று கேட்டார். பலகையில் கிழக்கே கடலையும் அதில் ஆங்கிலேயர் கப்பல்களையும் வரைந்தார். மேற்கே கூட்டின் படை, நடுவில் லல்லியின் புதுச்சேரி. "அரிசி எப்படி வரும்?" இப்போது எல்லோரும் கத்தினோம்: "வராது!"

1760 கடைசியில் சாப்பாடு தீர்ந்துகொண்டே வர, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஜனங்களை லல்லி கோட்டைக்கு வெளியே அனுப்பினார். ஆங்கிலேயர் அவர்களைத் தாண்டிப்போக விடவில்லை. இரண்டு படைக்கும் நடுவில் பட்டினியாக நாள்கணக்கில் கிடந்தார்கள். மறு ஜனவரியில் ஊர் சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார்.

"இப்ப வாசி" என்றார். அலேசியாவிலும் உணவு குறைந்தபோது பெண்களையும் பிள்ளைகளையும் கிழவர்களையும் வெளியே அனுப்பினார்கள், சீசர் ஏற்கவில்லை. முதல் முறை இந்த வரியை நான் ஓடியே கடந்திருந்தேன். இரண்டாவது முறை குரல் நின்றுவிட்டது.

பின்வரிசையில் ஒருவன் கேட்டான்: "அப்ப லல்லிதான் வெர்சேன்ஜேதோரிக்ஸா, மிசியே?" வாத்தியார் தலையை ஆட்டினார். அவன் சொந்த மண்ணைக் காத்தவன், லல்லி வந்தவர் என்றார். தெரிந்த கதை கதவைத் திறக்கும், சில சமயம் தப்பான அறைக்கும் கொண்டுபோய் விடும். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்பவர் செவ்விந்தியர் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்துத் திரும்பச் சொல்லவைத்தார். அவர்கள் வாயில் தோணி படகாகிவிட்டது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. 1932இல் வந்த அவர் புத்தகத்தைப் பற்றி நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் வாத்தியாருக்கு அது தெரிந்திருக்குமா, தெரியாது.

"அப்ப நாம யாரு, மிசியே?" என்று அவன் விடவில்லை. வாத்தியார் பலகையைப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவே விட்டிருந்த வெள்ளை இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார்.

பேத்தி பனியைப் பார்த்ததில்லை. புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, 2011 தானே புயலன்று ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று உங்கம்மாவைக் கேட்டு வா என்று அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தாள். இந்தத் தடவை மெதுவாக வாசித்தாள்.